பிள்ளைகள் வாய் திறக்கும் பாடக்குறிப்பு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் உண்மையான கேள்விகள் தேநீர் இடைவேளையில்தான் வரும். உள்ளே பயிற்றுநர் 'மாணவர் பங்கேற்பு' என்று சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவோம். வெளியே வந்து டம்ளரைக் கையில் எடுத்ததும், "அதெல்லாம் சரி சார், என் வகுப்புல 46 பேர்" என்று ஆரம்பிப்போம். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் எடுப்பவன். அந்த டம்ளர் நேரத்துக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வாரா வாரம் பாடக்குறிப்பு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறோமே. இதில் புதிதாக என்ன இருக்கிறது?

உங்கள் குறிப்பேட்டை எடுத்து, போன வாரத்துப் பக்கம் ஒன்றில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'விளக்குதல்', 'எடுத்துரைத்தல்', 'கரும்பலகையில் எழுதிக் காட்டுதல்', 'தொகுத்துக் கூறுதல்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எல்லாமே நாம் செய்பவை. 45 நிமிடமும் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. 'கவனித்தல்' என்று ஒரு சொல் இருந்தால் அதிகம்.

என் குறிப்பேடும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போது பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். இடப்பக்கம் நான் செய்வது, வலப்பக்கம் அதே நேரத்தில் பிள்ளைகள் செய்வது. வலப்பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் 'கேட்கிறார்கள்' என்றே இருந்தால் அந்தப் பாடம் படுத்துவிடும் என்று முன்னாடியே தெரிந்துவிடும். எழுதும் வேலை அதிகமாகாது, எழுதும் பக்கம்தான் மாறும். இன்னொன்று, கேட்கப் போகும் மூன்று கேள்விகளையாவது முழு வாக்கியமாக எழுதிவிடுவேன். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் நமக்கு வாயில் வரும் ஒரே கேள்வி "புரிஞ்சுதா?" என்பதுதான். அதற்கு "புரிஞ்சுது சார்ர்ர்" என்ற கோரஸைத் தவிர வேறு பதில் இந்த மாநிலத்தில் எந்த வகுப்பிலும் வந்ததில்லை.

ஒரு பாடவேளையை எடுத்து, நிமிடக் கணக்கோடு சொல்ல முடியுமா?

ஏழாம் வகுப்பு, அடர்த்தி. முன்பெல்லாம் 'நிறை வகுத்தல் பருமன்' என்று பலகையில் எழுதி, இரண்டு கணக்குப் போட்டு முடிப்பேன். இப்போது ஒரு முட்டையோடு போகிறேன். (சத்துணவுக் கூடத்தில் கேட்காதீர்கள், அங்கே முட்டைக்குத் தலைக்கணக்கு உண்டு. கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.)

மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டிலும் தண்ணீர். ஒன்றில் மூன்று நான்கு ஸ்பூன் உப்பை நன்றாகக் கரைத்து, முன்பே தெளிய வைத்திருப்பேன். அதைச் சொல்லமாட்டேன். முட்டையைக் காட்டி, "இதைப் போட்டால் மிதக்குமா, முழுகுமா? ஏன்?" என்று கேட்டு எல்லாரையும் எழுதச் சொல்வேன். பேசக் கூடாது, எழுத மட்டும்தான். இதற்கு 4 நிமிடம். எழுதி முடித்தபின் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டு, வேறு வேறாக இருந்தால் ஒருவர் இன்னொருவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்க வேண்டும். இதற்கு 3 நிமிடம்.

அப்புறம் முதல் டம்ளரில் போட்டால் முழுகும். ஜெயித்தவர்கள் சத்தம் போடுவார்கள். அதே முட்டையை எடுத்து இரண்டாவதில் போட்டால் மிதக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் விழும் அமைதிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். உடனே விளக்கிவிடக் கூடாது. நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். "முட்டை மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது? கண்டுபிடிக்க என்னிடம் மூன்று கேள்விதான் கேட்கலாம். ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்வேன்" என்று குழுக்களிடம் விட்டுவிடுவேன். பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு குழு "தண்ணியில என்னமோ கலந்திருக்கீங்க" என்ற இடத்துக்கு வந்துவிடும்.

இதுவரை 20 நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போது அடர்த்தி என்ற சொல்லையும் சூத்திரத்தையும் பத்து நிமிடம் நானே சொல்வேன். இந்தப் பத்து நிமிடமும் கேட்பதுதான். ஆனால் அவர்களுக்குத் தேவைப்படும் ஒன்றை அப்போது கேட்கிறார்கள். மிச்ச நேரத்தில் புத்தகக் கணக்கு இரண்டு. கடைசி 3 நிமிடத்தில் ஒரு துண்டுத் தாளில், "கிணற்றை விடக் கடலில் மிதப்பது ஏன் எளிது?" என்பதற்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம். அந்தத் தாள்களைப் படித்துவிட்டுத்தான் அடுத்த நாள் குறிப்பை எழுதுவேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதக்கும், நாள் ஆக ஆக உள்ளே காற்றறை பெரிதாகிவிடும். எனக்கு ஒருமுறை அப்படி அகப்பட்டது. முகத்தை மாற்றாமல், "சரி, ஏன் மிதந்தது என்று விசாரித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு பையன் அவன் பாட்டியிடம் கேட்டு சரியாகச் சொன்னான்.

கேள்வி கேட்டால் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எப்படி இழுப்பது?

முதலில் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடுகிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, கை தூக்குபவர்கள் கூடினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கை தட்டித் தூசு உதறி, ஜன்னல் வரை நடந்து திரும்புவேன். அதுதான் என் கடிகாரம்.

அடுத்தது கணக்கு. 40 பேர் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் பாடவேளையே முடிந்துவிடும். இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் 40 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிவிடுவார்கள். யோசி, பக்கத்தில் பேசு, அப்புறம் எல்லாருக்கும் சொல் என்ற இந்த முறையை 1981-ல் எழுதி வைத்தவர் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கர். செலவில்லாதது, பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை, 60 பேர் இருந்தாலும் ஓடும்.

மூன்றாவதாகப் பழைய சிலேட்டு. கேள்வியைக் கேட்டு, "எழுது, கவிழ்த்து வை, ஒன்று இரண்டு மூன்று, தூக்கு" என்றால் வகுப்பு முழுதும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடும். நான்கு பேர் ராஜ்யம் அங்கேயே முடிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் வெட்கமாக இருக்கும், "சின்னப் பிள்ளைங்க மாதிரி" என்பார்கள். அப்புறம் சிலேட்டு கொண்டுவராத நாளில் அவர்களே கேட்பார்கள்.

பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டப்பாவில் போட்டு உருவுவதும் நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி, யோசிக்க நேரம், பக்கத்தில் பேச்சு, இத்தனைக்கும் பிறகுதான் குச்சி. எடுத்தவுடன் உருவினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை.

இதை அறிவுரையால் சரிசெய்ய முடியாது. "சிரிக்காதே" என்று சொன்னால் கொஞ்சம் தள்ளிச் சிரிப்பார்கள். தப்பான விடை பாடத்துக்கு உதவுகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கும் முன்தயாரிப்பு உண்டு. எந்தத் தப்பு வரும் என்று நமக்குத்தான் தெரியுமே!

ஆறாம் வகுப்பில் ½ + ⅓ எவ்வளவு என்று கேட்டுச் சிலேட்டைத் தூக்கச் சொன்னால் சில சிலேட்டுகளிலாவது 2/5 இருக்கும். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருப்பார்கள். முன்பு நான் "தப்பு, கீழெண்ணைச் சமப்படுத்து" என்று விதியைச் சொல்லிவிடுவேன். இப்போது யார் எழுதியது என்று சொல்லாமல் 2/5-ஐப் பலகையில் எழுதி, "அரை இட்லி வைத்திருந்தேன். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். இப்போது என்னிடம் அரை இட்லியை விடக் குறைவாக இருக்குமா? 2/5 அரையை விடப் பெரிதா, சின்னதா?" என்று கேட்பேன். எழுதிய பிள்ளைகளே படக்கென்று பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கேள்வி அந்தத் தப்பு இல்லாமல் பிறக்காது. பாடக்குறிப்பில் 'எதிர்பார்க்கும் தவறு' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன், என்னைக் கேட்டால் பக்கத்திலேயே பயனுள்ள வரி அதுதான்.

குழு வேலை கொடுத்தால் ஒரே சத்தம். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்.

பார்க்கட்டும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், "சார், மூணாவது பீரியட் குழு வேலை, கொஞ்சம் சத்தம் வரும்." நம் ஊரில் பாதிப் பிரச்சினை சொல்லாததால்தான் வருகிறது.

ஆனால் வேலை சரியாக வகுக்கப்படாததாலும் சத்தம் வரும். 'பாடத்தைப் பற்றிக் கலந்துரையாடுங்கள்' என்பது வேலையே இல்லை. பத்து நிமிடம், ஒரு தாள், அதில் மூன்று காரணம், முடிவில் யார் எழுந்து சொல்ல வேண்டும் என்பதை நான் சொல்வேன்: இது வேலை. யார் பேசுவார் என்று முன்னாடியே சொல்லாவிட்டால் எல்லாரும் தயாராக வேண்டியிருக்கும். குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் எப்போதும் வேடிக்கைதான் பார்ப்பார்.

சமூக அறிவியலுக்கு எனக்குப் பிடித்தது 'புதிர்த்துண்டு' முறை. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டு உரசல் இருந்த நேரத்தில், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. சிந்துவெளிப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நால்வர் குழுவில் ஒருவருக்கு நகர அமைப்பு, ஒருவருக்குப் பெருங்குளம், ஒருவருக்கு முத்திரையும் எழுத்தும், ஒருவருக்கு வணிகம். முதலில் ஒரே தலைப்புக்காரர்கள் கூடிப் படிப்பார்கள். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கொரு துண்டைச் சொல்லித்தர வேண்டும். அந்த ஒருவர் சொல்லாவிட்டால் மற்ற மூவருக்கும் அந்தத் துண்டு இல்லை. யார் யாரோடு உட்காரமாட்டார்கள் என்று நாம் வெளியே பேசத் தயங்கும் விஷயம் ஒன்று நம் வகுப்புகளிலும் இருக்கிறதே, அதற்கும் இது கொஞ்சம் மருந்து. 36 பேர் என்றால் ஒரு தலைப்புக்கு 9 பேர் வருவார்கள். அதை இரண்டாக உடைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தால் ஆசிரியர் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்களே?

நம் திண்ணைப் பள்ளிகளில், சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்த கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆதரவற்றோர் இல்லப் பள்ளியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் அமைத்தார். 1797-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது. நம் ஊர்ச் சரக்கு வெளிநாடு போய்த் திரும்பி வந்தால்தான் நமக்கு மதிப்பு, என்ன செய்வது!

ஆனால் பெல் காலத்து முறை பெரும்பாலும் ஒப்பிப்பதற்கானது. நாம் கேட்பது வேறு: சொல்லித்தரும் பிள்ளை விடையைச் சொல்லாமல் வழியைச் சொல்ல வேண்டும். அதைப் பழக்க ஒரு மாதமாவது ஆகும்.

இலக்கணப் பாடத்தில் பங்கேற்புக்கு எங்கே இடம்?

அறிவியலை விட அங்கேதான் எளிது, பிள்ளைகள் மொழியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்களே. என் சக தமிழாசிரியை ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். வல்லினம் மிகும் இடங்கள் பாடத்தில் விதியை எடுக்காமல், பலகையில் இரண்டே வரி எழுதினார்: 'வேலை கொடு', 'வேலைக் கொடு'. "இதில் எதை முதலாளியிடம் கேட்பாய், எதை முருகனிடம் கேட்பாய்?" வகுப்பு சிரித்தது, பிறகு சண்டை போட்டது, பிறகு ஒரு 'க்' பொருளையே மாற்றிவிடுகிறது என்று கண்டுபிடித்தது. அடுத்து 'பாலை பார்த்தேன்', 'பாலைப் பார்த்தேன்'. ஐ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் மிகும் என்ற விதியைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வீட்டுப்பாடம், வரும் வழியில் கடைப் பலகைகளில் ஒற்று விட்டுப்போன இடங்களைப் பிடித்து வருவது. ஊரில் ஒரு பலகை தப்பவில்லை.

ஏழாம் வகுப்புக்கு வந்தும் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பங்கேற்பார்கள்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்று எதுவும் என்னிடம் இல்லை, செய்வதைச் சொல்கிறேன். பங்கேற்பையும் வாசிப்பையும் ஒன்றாகக் கட்டிவிடாமல் இருக்கப் பார்க்கிறேன். முட்டைப் பாடத்தில் வாசிக்கவே தேவையில்லை. படம் வரையலாம், 'மி', 'மு' என்று ஒரெழுத்தில் பதில் எழுதலாம், வாயால் காரணம் சொல்லலாம். வீட்டில் கடை பார்த்துக்கொள்ளும் பிள்ளை மனக்கணக்கில் என்னைத் தோற்கடித்திருக்கிறான். அதே கணக்கை எழுத்தில் கொடுத்தால் திணறுவான்.

வாசிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். கீழ்வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை கொடுக்கிறார்கள். பெயர் இல்லாமல் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்விக்கு மூன்று படி: எல்லாரும் செய்யக்கூடியது, பெரும்பாலோர் செய்யக்கூடியது, சிலருக்குச் சவாலானது. எந்தப் படியில் நிற்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளையை என்ன செய்வது?

பேசாதது பங்கேற்காதது ஆகிவிடாது. சிலேட்டில் எழுதுகிறாளா, பக்கத்துப் பிள்ளையிடம் முணுமுணுக்கிறாளா என்று பாருங்கள். அது போதும் என்று சில மாதம் விடலாம். குழுவில் நேரம் பார்ப்பவள், பொருள் எடுத்து வருபவள், தாளில் எழுதுபவள் என்று வேலை கொடுங்கள். பிறகு எப்போதாவது அவள் எழுதிய நல்ல பதிலைப் பார்த்துவிட்டு, "இதை நீ வாசிக்கிறாயா, நான் வாசிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். பல முறை "நீங்களே சார்" என்றுதான் வரும். வரட்டும். திடீரென்று எந்தப் பிள்ளையாவது இப்படி ஒடுங்கினால் அது பாடக்குறிப்பு விஷயம் இல்லை, தனியாக உட்கார்த்தி விசாரிக்க வேண்டியது.

இப்படி எல்லாம் நடத்தினால் போர்ஷன் முடியுமா?

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தினால் முடியாது. நான் நடத்துவதும் இல்லை. பருவத் தொடக்கத்தில் பாடங்களைப் பார்த்து, பிள்ளைகள் தொடர்ந்து தடுமாறும் இடங்கள் எவை என்று குறித்துக்கொள்வேன். நேரம் முழுக்க அங்கே. வரையறைகள், பட்டியல்கள், புத்தகத்தைப் படித்தாலே புரியும் பகுதிகள் எல்லாம் வேகமாகப் போகும். அடர்த்திக்கு ஒரு முட்டை, அலகுகளுக்குப் பத்து நிமிடம்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் பொதுத்தேர்வைக் காட்டிக் கையை விரிப்பார்கள். அவர்கள் நெருக்கடி நிஜம்தான். ஆனால் பழைய வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் விடை ஒன்றை, வேண்டுமென்றே இரண்டு பிழையோடு எழுதிக் கொடுத்து, "நீங்கள்தான் திருத்துபவர், எத்தனை மதிப்பெண், ஏன்?" என்று இரண்டிரண்டு பேராகக் கேட்டுப் பாருங்கள். 12 நிமிடம்தான் ஆகும். தேர்வுக்கும் நேராகப் பயன்படும்.

பங்கேற்புக்கு மதிப்பெண் போடலாமா?

எட்டாம் வகுப்பு வரை 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே வகுப்பில் மதிப்பிடுவது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று பிரித்தார்கள். அந்த 40-ல் பாதி செயல்பாட்டுக்கானது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அது சார்ட் ஒட்டும் போட்டியாகி, கடைகளில் 'புராஜெக்ட்' ரெடிமேடாகத் தொங்கியதை எல்லாரும் பார்த்தோம். கை தூக்கியதற்கெல்லாம் மதிப்பெண் என்று ஆரம்பித்தால் பேசுவதற்காகப் பேசுவார்கள். வகுப்பில் எழுதிய துண்டுத் தாள்களையும் குழுத் தாள்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, அதைப் பார்த்துச் செயல்பாட்டு மதிப்பெண் போடுகிறேன். வீட்டில் அண்ணன் செய்து கொடுக்க முடியாத சான்று அது.

ஸ்மார்ட் போர்டு, கைப்பேசி இல்லாமல் முடியுமா?

முடியும். முட்டைக்கு மின்சாரம் வேண்டாம். இருந்தால் காணொளியை ஓடவிட்டுப் பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முழுதாக ஓடவிட்டால் அதுவும் ஒரு சொற்பொழிவுதான்.

செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி என்று எத்தனையோ வந்து போய்விட்டன. இதுவும் அப்படித்தானே?

கோபம் நியாயமானது. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படி, பாட அட்டைகள், பாயில் உட்காருதல், பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை. நடுநிலை வகுப்புகளுக்கு மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல் என்ற படிகளோடு படைப்பாற்றல் கல்வி. அட்டைகள் கிழிந்தன, படிகள் சடங்காயின. மனவரைபடம் எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டது.

ஆனாலும் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. என் வகுப்பிலும் இருக்கிறது. சிலேட்டு கொண்டுவராதவர்கள் அங்கே போய் எழுதுவார்கள். திட்டம் போனால் போகட்டும், உதவுவதை வைத்துக்கொள்வதற்கு அரசாணை வேண்டாம்.

சரி, நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால் எது?

நாளைக்கு உள்ள பாடவேளைகளில் உங்களுக்கு நன்றாக வரும் பாடம் ஒன்றை மட்டும் எடுங்கள். இன்று இரவு ஒரு கேள்வி எழுதுங்கள், ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி. அதற்கு வரக்கூடிய தப்பான விடை ஒன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். வகுப்பில் கேட்டுவிட்டு ஜன்னல் வரை நடந்து திரும்புங்கள். சிலேட்டு இல்லாவிட்டால் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் போதும். அதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக் கோப்புறைக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் செருகுங்கள், மேலே மார்க்கரால் எழுதித் துணியால் துடைத்துக்கொள்ளலாம். துணி மட்டும் நிறைய எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் சட்டையில் துடைப்பார்கள். மறுநாள் அம்மாக்கள் வந்து நிற்பார்கள்.